கம்பி கட்டுகிற கதை

நீண்ட பதிவு. பொறுமை இருப்பவர்கள் படிக்கவும். திட்ட நினைப்பவர்கள் முழுதாகப் படித்துவிட்டுத் திட்டவும்.

என்னிடம் படித்து இன்று வெளியூர்களில் வேலை பார்க்கும் பிள்ளைகள் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறார்கள். என்னையும் அதில் சேர்த்திருக்கிறார்கள். பிறந்த நாள் வாழ்த்து வரும். தை மாதம் எங்கள் சேவுகம்பட்டி பெருமாள் கோயிலில் வாழைப்பழம் சூறை விடும் வீடியோ வரும். போன வாரம் ஒரு மனு வந்தது. திண்டுக்கல் மலைக்கோட்டையில் ஜிப்லைன் அமைக்க வேண்டும், காலையில் கோட்டை, பிறகு கம்பியில் பறத்தல், மதியச் சாப்பாட்டுக்கு வீடு என்று அரை நாள் சுற்றுலாவாக நடத்தலாம், பள்ளிப் பிள்ளைகள் வருவார்கள், ஊர் வளரும் என்று எழுதியிருந்தார்கள். கீழே 60க்கும் மேல் பெயர்கள். "டீச்சர், நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா வெயிட்டா இருக்கும்" என்று ஒரு மகன் தனியாகப் போன் செய்தான்.

போடவில்லை. போட மாட்டேன் என்றதும் குழுவில் சத்தமே இல்லை. பிறகு ஒருவன், "டீச்சருக்கு வயசாயிருச்சு, உயரம்னா பயம்" என்று சிரிப்புப் பொம்மையோடு போட்டான். அவனுக்கு நான் எழுத்துக் கற்றுக்கொடுத்தவள். அதனால் எழுத்திலேயே பதில் சொல்கிறேன்.

எனக்கு உயரம் பயமில்லை தம்பி. ஆடி மாதம் புளிய மரத்தில் தூரி கட்டி, எதிர்க்கிளையில் கால் பட ஆடியவள் நான். ஜிப்லைன் என்பதும் பெரிய மர்மம் இல்லை. உயரமான ஒரு இடம், தாழ்வான ஒரு இடம், நடுவில் பள்ளம். இரண்டுக்கும் இடையே முறுக்கிய எஃகுக் கம்பி. கம்பியில் ஓடும் ஒரு கப்பி, அதில் மாட்டிய வாரில் மனிதன். கிணற்றுக் கப்பியில் கயிறு ஓடும். இங்கே கப்பியே கம்பி மேல் ஓடுகிறது. சரிவுதான் இழுக்கிறது, மோட்டார் வேண்டாம். ஐந்தாம் வகுப்பில் எளிய எந்திரங்கள் பாடத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. பாலமில்லாத மலைநாடுகளில் ஆற்றைக் கடக்க ஜனங்கள் இப்படித்தான் கயிற்றில் தொங்கிப் போயிருக்கிறார்கள். அவர்களுக்கு அது விளையாட்டு இல்லை, பிழைப்பு.

ஆக, எனக்குக் கம்பி மேல் கோபமில்லை. அதைக் கட்டச் சொல்லும் காரணத்தின் மேல்தான் கோபம்.

மனுவில் ஒரு வரி இருந்தது. வெறும் கோட்டையைப் பார்க்க இந்தக் காலத்துப் பிள்ளைகள் வருவதில்லை, அதில் ஒன்றுமில்லை, ஏதாவது சேர்த்தால்தான் வருவார்கள் என்று. அந்த "ஒன்றுமில்லை"யைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அந்த வரியை எழுதியவனும் என் மாணவன்தான். அப்படியானால் 35 வருஷம் நான் எதைச் சொல்லிக்கொடுத்தேன்?

இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். குழுவில் நாலைந்து பேர் ராஜஸ்தான் போய்விட்டு வந்தார்கள். ஜோத்பூர் மெஹ்ரான்கட் கோட்டையில் ஃப்ளையிங் ஃபாக்ஸ் என்று ஆறு கம்பிகள் இருக்கின்றன. கோட்டைச் சுவரை ஒட்டி, பாறைகளுக்கும் நீர்நிலைகளுக்கும் மேலே ஒன்றிலிருந்து இன்னொன்றாகப் போகலாம். (ஃப்ளையிங் ஃபாக்ஸ் என்றால் பறக்கும் நரி என்று ஒருவன் மொழிபெயர்த்திருந்தான். நரியில்லையப்பா, பழந்தின்னி வௌவால்.) அல்வர் பக்கம் நீம்ரானா கோட்டையிலும் ஐந்து கம்பிகள் உண்டு. அந்தக் கோட்டை இப்போது ஓட்டல்.

வீடியோ அனுப்பினார்கள். நன்றாகத்தான் இருந்தது. தலைக்கவசத்தில் கேமரா. கீழே பாறை, தூரத்தில் நீல வண்ண வீடுகள், ஒரே கூச்சல். போன் செய்து கேட்டேன். "கோட்டையக் கட்டுனது யாருப்பா?"

"ஏதோ ஒரு ராஜா, டீச்சர்."

"எப்போ?"

"போர்டு இருந்துச்சு டீச்சர், டைம் இல்லை. பத்தரைக்கு ஸ்லாட்."

"இரும்பு வாசல்கிட்ட சுவத்துல சின்னச் சின்னக் கைத்தடம் இருந்துச்சே, பாத்தியா?"

"இல்லையே டீச்சர். ஹெல்மெட் கேமராவுல விழுந்திருக்கான்னு பாக்குறேன்."

அவனைக் குறை சொல்லிப் பயனில்லை. பொய் சொல்லாமல் சொன்னானே, அதுவே பெரிது. ஓய்வு பெற்ற மறு வருஷம், 2020 ஜனவரியில், உடன் வேலை பார்த்தவர்களோடு நானும் அந்தக் கோட்டைக்குப் போயிருந்தேன். ராவ் ஜோதா 1459இல் தொடங்கியது. ஒரு வாசலில் 1808இல் ஜெய்ப்பூர்ப் படை அடித்த பீரங்கிக் குண்டுகளின் வடு அப்படியே இருக்கிறது. இரும்பு வாசலில் அந்தக் கைத்தடங்கள். 1843இல் இறந்த மான்சிங் மன்னரின் சிதையில் ஏறிய ராணிகள் வெளியே போகும்போது பதித்துவிட்டுப் போனவை. சில தடங்கள் என் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளின் கையளவுதான் இருக்கும். எங்கள் குழுவில் சளசளவென்று பேசிக்கொண்டே வந்த பெண்கள் எல்லோரும் அங்கே வாயை மூடிக்கொண்டோம். அந்த வாசலைத் தாண்டித்தான் இவனும் போயிருக்கிறான். பத்தரை மணி ஸ்லாட்டுக்கு.

இன்னொன்றையும் ஒத்துக்கொள்கிறேன். மெஹ்ரான்கட்டில் கம்பியைத் தொங்கவிட்டதால் கோட்டைக்கு ஆள் வரவில்லை. 1972இல் அதற்கு ஒரு அறக்கட்டளை அமைத்தார்கள். பல்லக்கு, யானை அம்பாரி, வாள், ஓவியம், தொட்டில் எல்லாவற்றையும் அருங்காட்சியகமாக்கினார்கள். காதில் மாட்டிக்கொள்ள ஒலிவழிகாட்டி தருகிறார்கள். நின்ற இடத்தில் நம்பரை அழுத்தினால் அந்த இடத்தின் கதையைச் சொல்கிறது. பல வருஷம் அந்தக் கோட்டையைப் பேச வைத்த பிறகுதான் ஓரத்தில் கம்பி வந்தது. நம் பிள்ளைகள் கம்பியை மட்டும் பார்த்துவிட்டு வந்து, அதை மட்டும் இங்கே கட்டச் சொல்கிறார்கள். பக்கத்து வீட்டுக் கல்யாணத்தில் வாணவேடிக்கை பார்த்துவிட்டு, பெண் பார்க்காமலேயே வெடி வாங்கி வைக்கிற கதை.

இப்போது திண்டுக்கல்லுக்கு வருகிறேன். "ஒன்றுமில்லை" என்கிறீர்களே, அந்த ஒன்றுமில்லாத பாறைக்கு.

திண்டு போல இருக்கும் கல், அதனால் திண்டுக்கல். மதுரை நாயக்கர் முத்துக்கிருஷ்ணப்பர் 1605இல் கோட்டை கட்டினார். திருமலை நாயக்கர் பலப்படுத்தினார். 1755இல் மைசூர் அரசு இங்கே ஒரு ஃபௌஜ்தாரை அனுப்பியது. அப்போது பெரிதாகப் பெயரில்லாத ஆள். பிரெஞ்சுக்காரர்களின் உதவியோடு இங்கே ஆயுதச்சாலை அமைத்து, படை சேர்த்து, பிற்பாடு மைசூரையே கையில் எடுத்துக்கொண்ட அந்த ஆள்தான் ஹைதர் அலி. ஒரு பேரரசனின் வாழ்க்கை திண்டுக்கல்லில் வேலைக்குச் சேர்ந்த இடத்தில் திரும்பியிருக்கிறது. இதில் ஒன்றுமில்லையா?

1772இல் காளையார்கோயிலில் கணவரைப் பறிகொடுத்த வேலுநாச்சியார் இந்தப் பக்கம்தான் வந்தார். விருப்பாட்சிப் பாளையக்காரர் கோபால நாயக்கர் அடைக்கலம் கொடுத்தார். திண்டுக்கல்லில் ஹைதர் அலியைச் சந்தித்துப் படை உதவி கேட்டார். எட்டு வருஷம் காத்திருந்து 1780இல் சிவகங்கையை மீட்டார். எட்டு வருஷம்! நம் பிள்ளைகள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்து எட்டாம் வகுப்பு முடிக்கிற காலம். ஒரு பெண் அத்தனை நாள் அந்நிய ஊரில் ஒரே நினைப்போடு இருந்திருக்கிறார். அடைக்கலம் கொடுத்த கோபால நாயக்கரை 1801இல் கும்பினிக்காரர்கள் திண்டுக்கல்லில் தூக்கிலிட்டார்கள்.

கோட்டை கைமாறிய கணக்கு கபடி ஆட்டம் போல இருக்கும். 1767இல் ஆங்கிலேயர் பிடித்தார்கள், 1768இல் விட்டார்கள். 1783இல் மறுபடி பிடித்தார்கள், 1784இல் மங்களூர் உடன்படிக்கையில் திருப்பிக் கொடுத்தார்கள். 1790இல் மறுபடி பிடித்தார்கள். 1792இல் திப்பு சுல்தான் எழுதிக் கொடுத்த பிறகுதான் அவர்கள் கையில் நிலைத்தது. இதைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு, வகுப்பை இரண்டு அணியாகப் பிரித்து விளையாட வைத்திருக்கிறேன். ஒரு பிள்ளையும் வருஷத்தை மறக்கவில்லை.

பூட்டுக்குப் பெயர் போன ஊர் நம்முடையது. கோட்டையின் வாய்க்கும் ஒரு பூட்டுப் போட்டுவிட்டு, அது பேசவில்லை என்று குறை சொல்கிறோம். பூட்டியது யார் என்று கேட்டால், நான்தான். என்னைப் போன்ற வாத்தியார்கள்தான். கோட்டைச் சுவரில் ஆணியால் பெயர் கீறி அம்பு விட்ட இதயம் வரைகிறவன் அசலூரிலிருந்து வந்தவன் இல்லை. நாங்கள் பாடம் நடத்தி, பாஸ் போட்டு அனுப்பியவன்.

என் கணக்கையே சொல்கிறேன். 35 வருஷ வேலையில் பிள்ளைகளை மலைக்கோட்டைக்கு அழைத்துப் போனது ஒரே ஒரு தடவை. அறிவியல் மையம், அணை, கொடைக்கானல், ராட்டினப் பூங்கா என்று பத்துப் பதினைந்து தடவை போயிருப்போம். கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருக்கிற பாறைக்கு ஒரு தடவை. "பக்கத்துலதானே இருக்கு, எப்ப வேணா போலாம்." எப்ப வேணா என்றால் எப்பவும் இல்லை என்று அர்த்தம்.

அந்த ஒரு தடவை 1996இல். ஐந்தாம் வகுப்பு, 43 பிள்ளைகள், ஆசிரியர்கள் இரண்டு பேர். தனி வண்டி எல்லாம் இல்லை. காலையில் டவுன் பஸ்ஸில் செம்பட்டி வழியாக. ஆளுக்கொரு தூக்குவாளியில் புளிச்சோறு. கண்டக்டர் எங்களைப் பார்த்ததும் தலையில் கை வைத்தார். நடுவே இறங்க வேண்டியவர்களை ஜன்னல் வழியாக இறக்கிவிட்ட கதையெல்லாம் தனிப் பதிவாக எழுத வேண்டும்.

பாறையில் வெட்டிய படியில் ஏறத் தொடங்கியதும் போட்டி. நடுவில் மூச்சு வாங்கி உட்கார்ந்தார்கள். மேலே போனதும் வெடிமருந்துக் கிடங்கைக் காட்டினேன். மழைக்காலத்திலும் மருந்து நமுத்துப் போகாதபடி கனத்த சுவரும் காற்றோட்டமும் வைத்துக் கட்டியது. உள்ளே போய்க் கையைச் சுவரில் வைத்துப் பார்க்கச் சொன்னேன். வெளியே கொதிக்கிறது, உள்ளே சில்லென்று இருக்கிறது. "நம்ம வகுப்பறையை ஏன் டீச்சர் இப்படிக் கட்டலை?" என்றான் ஒருத்தன். எங்கள் வகுப்பறை அப்போது கல்நார் ஓடு. என்னிடம் பதில் இல்லை.

அடுத்தது தண்ணீர். ஒரு பெண்பிள்ளை கேட்டாள்: "கீழ எதிரி வந்து சுத்தி நின்னுட்டா மேல இருக்கவங்க தண்ணிக்கு என்ன பண்ணுவாங்க?" வீட்டுக்குத் தண்ணீர் சுமக்கிற பிள்ளை அவள். அதனால்தான் அவளுக்கு அந்தக் கேள்வி வந்தது. நான் சொல்லவில்லை. "கண்டுபிடிங்க" என்று விட்டுவிட்டேன். 43 பேரும் சிதறினார்கள். பாறையின் சரிவில் மழைநீர் தானாக ஓடி வந்து தங்கும்படி அமைத்த தேக்கங்களைப் பத்து நிமிஷத்தில் கண்டுபிடித்து, "இங்கிட்டு டீச்சர், இங்கிட்டு!" என்று ஒரே கூப்பாடு. மழை எங்கே விழுந்தால் எந்தப் பக்கம் ஓடும் என்று தூக்குவாளித் தண்ணீரைப் பாறையில் ஊற்றி ஊற்றிப் பார்த்தார்கள். குடிக்க வைத்திருந்த தண்ணீர் முழுவதும் அதில் தீர்ந்தது. திட்டினேன். உள்ளுக்குள் சந்தோஷம்.

உச்சியில் இருக்கும் கோயிலில் மூலவர் இல்லை. "சாமி எங்கே போச்சு?" என்று கேட்டார்கள். அதற்கு ஒரு கதை, அந்தக் கதைக்கு இன்னொரு கதை. அப்புறம் மதிலோரம் நின்று, ஊர் எந்தப் பக்கம் என்று தேடினார்கள். சிறுமலை அந்தப் பக்கம், கொடைக்கானல் மலை இந்தப் பக்கம், அப்படியென்றால் நம் ஊர் அதன் அடிவாரத்தில், அதோ அந்தப் பச்சை. எதிரி எந்த வழியாக வந்தாலும் தெரிந்துவிடும் என்று ஒரு பொடியன் கைக்குச்சியைத் துப்பாக்கி போலப் பிடித்துக் காவலுக்கு நின்றான். சாப்பிடக் கூப்பிட்டபோதும் வரவில்லை. பதிலாள் வந்தால்தான் வருவேன் என்றான். பதிலாளை அனுப்பினேன்.

மதியம் ஒரு மணிக்கெல்லாம் கீழே இறங்கிவிட்டோம். அதுவும் அரை நாள் சுற்றுலாதான் பிள்ளைகளே. கம்பியில்லாத அரை நாள். யாராவது ஒரு பிள்ளை "போரடிக்குது டீச்சர்" என்று சொன்னதாக எனக்கு நினைவில்லை.

"அதெல்லாம் சரி டீச்சர், கம்பிக்கு வர்றவன் கோட்டையையும் பாப்பான்ல? எப்படியோ வரட்டுமே" என்று கேட்கிறான் மனு எழுதியவன். நல்ல கேள்வி. நானும் இரண்டு நாள் யோசித்தேன். வேலைவாய்ப்பு கிடைக்கும் என்பதையும் யோசித்தேன். நாலு பையன்களுக்கு வார் மாட்டுகிற வேலை கிடைக்கும், உண்மைதான்.

ஆனால் அரை நாளைக் கணக்குப் போட்டுப் பார். போக வர இரண்டரை மணி நேரம். கம்பிக்கு வரிசை, எடை பார்ப்பது, வார் மாட்டுவது, எப்படித் தொங்க வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பது, ஒவ்வொருவராக அனுப்புவது. 40 பேர் வகுப்பு என்றால் ஆளுக்கு நாலு நிமிஷம் வைத்தாலும் இரண்டரை மணி நேரத்தைத் தாண்டும். பறப்பது ஒரு நிமிஷம்கூட இருக்காது. மிச்ச நேரமெல்லாம் முறை எப்போது வரும் என்ற நினைப்பு. அந்த நினைப்போடு நிற்கும் பிள்ளையிடம் வேலுநாச்சியாரைப் பற்றிச் சொல்லிப் பார். ஜோத்பூரில் உனக்கே நேரமில்லை. உனக்கு 32 வயது. பத்து வயதுப் பிள்ளைக்கு இருக்குமா?

அடுத்தது காசு. இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். சுற்றி வளைத்து இப்போதுதான் வந்து சேர்கிறேன்.

2007 வாக்கில் ஒரு ராட்டினப் பூங்காவுக்கு அழைத்துப் போனோம். தலைக்கு 350 ரூபாய் வசூல். ஏழாம் வகுப்பில் ஒரு பிள்ளை, நன்றாகப் படிப்பவள், "எனக்கு ராட்டினம்னா தலை சுத்தும் டீச்சர், நான் வரலை" என்றாள். சரி என்று விட்டுவிட்டேன். அவளோடு இன்னும் மூன்று பேர் வரவில்லை. ஒருத்தனுக்கு வயிற்றுவலி, ஒருத்தி வீட்டில் விசேஷம், ஒருத்தன் காரணமே சொல்லவில்லை. நாங்கள் போனோம், தண்ணீரில் சறுக்கினோம், மறுநாள் வகுப்பில் அதைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னேன். அந்த நாலு பேரும் வெறும் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். "போகாதவங்க வேற எதைப் பத்தியாச்சும் எழுதுங்க" என்றேன். இதை இப்போது தட்டச்சு செய்யும்போது கை கூசுகிறது.

பல வருஷம் கழித்து கோயில் திருவிழாவில் அவளைப் பார்த்தேன். இடுப்பில் பிள்ளை. பேச்சுவாக்கில், "அன்னிக்குத் தலைசுத்தல் எல்லாம் இல்லை டீச்சர். அப்பா அப்போ மரத்துல இருந்து விழுந்து படுத்திருந்தாரு" என்றாள். அவள் அப்பா தேங்காய் வெட்டுகிறவர். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குத்தான் திருவிழாச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. அந்தப் பிள்ளை ஆடியில் என் எதிரேயே தூரியில் எழும்பி எழும்பி ஆடியவள். அவளுக்குத் தலை சுற்றும் என்று நான் எப்படி நம்பினேன்? நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

தொல்லியல் துறைக் கோட்டைகளில் 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. நம் கோட்டையும் அந்தத் துறையின் பாதுகாப்பில் இருப்பதுதான். ஒரு வகுப்பில் இருக்கும் 40 பிள்ளைகளும் ஒரே மாதிரி ஏறி, ஒரே மாதிரி வியர்த்து, ஒரே மாதிரி இறங்கக்கூடிய இடம். பஸ் காசு மட்டும் இருந்தால் போதும். அதில் கம்பியைக் கட்டு. சென்னை கதீட்ரல் சாலையில் 2024இல் திறந்த கலைஞர் நூற்றாண்டுப் பூங்காவில் 500 மீட்டருக்கு ஜிப்லைன் இருக்கிறது. அரசாங்கப் பூங்காதான், அங்கேயே கம்பிக்குத் தனியாகச் சில நூறு ரூபாய். இங்கே மட்டும் இலவசமாகவா விடுவார்கள்? மறுநாளே வகுப்பு இரண்டாகும். கம்பிக்குக் காசு கொண்டுவந்தவர்கள் ஒரு வரிசை. கொண்டுவராதவர்கள் கீழே உட்கார்ந்து மற்றவர்களின் செருப்புக்கும் பைக்கும் காவல். "எனக்கு உயரம்னா பயம் டீச்சர்" என்று சொல்லப் பழகிக்கொள்வார்கள். என்னை உயரத்துக்குப் பயந்தவள் என்றாயே தம்பி, அப்படிச் சொல்கிற பிள்ளைகளில் எத்தனை பேருக்கு உண்மையிலேயே உயரம் பயம் என்று இனிமேல் கொஞ்சம் விசாரித்துப் பார்.

"நாங்க ஸ்பான்சர் பண்றோம் டீச்சர்" என்கிறீர்கள். உங்கள் மனசு எனக்குத் தெரியும். இந்த வருஷம் செய்வீர்கள், அடுத்த வருஷமும் செய்யலாம். கம்பி அதற்குப் பிறகும் அங்கேயே தொங்கும்.

சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். 1958ஆம் வருஷத்து தொன்மைச் சின்னங்கள் சட்டத்தில் 2010இல் திருத்தம் வந்தது. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குப் புதுக் கட்டுமானம் கூடாது. அதற்கு அப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வாங்க வேண்டும். கோட்டையைச் சுற்றி வீடு இருப்பவர்களைக் கேளுங்கள், இதன் அருமை தெரியும். ஒரு அறை கூடுதலாகக் கட்ட முடியாமல் இருப்பார்கள். அவர்களுக்கு இல்லாத சலுகை கம்பிக்கு எதற்கு? கம்பியில் பறந்தே தீர வேண்டுமென்றால் இந்த ஜில்லாவில் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் பஞ்சமில்லை. பட்டா நிலத்தில் இரண்டு கோபுரம் நட்டு, நல்ல பொறியாளரை வைத்து, வாரையும் கப்பியையும் தினம் சோதித்து நடத்துங்கள். திறப்பு விழாவுக்கு என்னைக் கூப்பிட்டால் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முதல் ஆளாக வருகிறேன். கம்பிக்கு உயரம் போதும். 1605 தேவையில்லை.

இந்தக் காலத்துப் பிள்ளைகள் பாஷையில் சொன்னால், கோட்டைக்குப் பிள்ளைகளைக் கொண்டுவரத்தான் ஜிப்லைன் என்பது சரியான கம்பி கட்டுகிற கதை.

சரி, கையெழுத்துப் போடாமல் ஒதுங்கிக்கொண்டால் ஆயிற்றா? இல்லை. அதனால் வேறொன்றில் போடுகிறேன். மனுவைத் திருத்தி எழுதிக் குழுவில் போட்டிருக்கிறேன். கோட்டையில் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தமிழில் கதை சொல்ல ஆட்களைப் பழக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். ஒலிவழிகாட்டி தமிழில் வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். ஜில்லாவில் உள்ள ஒவ்வொரு அரசுப் பள்ளியும் ஐந்தாம் வகுப்பிலோ ஏழாம் வகுப்பிலோ ஒரு தடவையாவது வந்து போக பஸ் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். படியேற முடியாத மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்குக் கீழேயே கோட்டையின் மாதிரி ஒன்று, கையால் தடவிப் பார்க்கிற மாதிரி. ஜிப்லைன் என்ற வார்த்தை அதில் இல்லை. இதுவரை பதினோரு பேர் போட்டிருக்கிறார்கள். அந்தத் தேங்காய் வெட்டுகிறவரின் மகள்தான் முதல் கையெழுத்து.

மனு போகிறபடி போகட்டும். அதற்குள் வருகிற சனிக்கிழமை நான் போகிறேன். எங்கள் தெருப் பிள்ளைகள் ஒன்பது பேர் வருகிறார்கள். மூட்டுவலி இருப்பதால் மெதுவாகத்தான் ஏறுவேன், காத்திருக்க மாட்டோம் என்று இப்போதே சொல்லிவிட்டார்கள். வருகிறவர்கள் வரலாம். காலை ஆறு மணிக்கு பஸ் ஸ்டாப்பில் இருக்க வேண்டும், வெயில் ஏறுமுன் மேலே போய்விட வேண்டும். சாப்பாடு கட்டிக்கொண்டு வாருங்கள். தண்ணீர் ஆளுக்கு இரண்டு பாட்டில். ஒன்று குடிக்க, ஒன்று பாறையில் ஊற்றிப் பார்க்க.